ஐப்பசி மழையும் அவனியாபுரத்து விருந்தும்

புரட்டாசி மாதத்து முற்பகலில் திருப்பரங்குன்றத்து மலையைச் சுற்றிக்கொண்டு விளாச்சேரிக்குள் நுழைகிறவர், வாசல்தோறும் சாக்கு விரித்து வெயிலுக்கு வைத்திருக்கும், இன்னும் வர்ணம் காணாத மண்பொம்மைத் தெய்வங்களையும் நாகசுரக்காரர்களையும் கல்யாண ஊர்வலத்துப் பல்லக்குத் தூக்கிகளையும் மிதித்துவிடாமல் நடப்பதற்கே சற்றுப் பிரயாசைப்பட வேண்டியிருக்கும். அச்சில் இரண்டு பாதிகளாக எடுத்துப் பிசிறு தெரியாமல் ஒட்டி, நிழலில் இறுகவைத்து, வெயிலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளைப் பூச்சு கொடுத்து, உடைக்கும் நகைக்கும் வர்ணம் தீட்டி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கண் எழுதுவது அவ்வூர் வழக்கம். அந்தக் கடைசி வேலை பழகின கைக்கே விடப்படுகிறது. இந்தக் கிரமத்தின் நடுவில், மலைப்பக்கம் மேகம் கறுத்து இரண்டு துளி விழுந்துவிட்டால், அடுப்படியில் இருப்பவர் அடுப்பை விட்டும் திண்ணையில் இருப்பவர் திண்ணையை விட்டும் எழுந்து ஓடிவர, பக்கத்து வீட்டாரும் எதிர்வீட்டாரும் கூப்பிடாமலே வந்து ஆளுக்கு ஒரு பலகையைத் தூக்க, சில நிமிஷங்களுக்குள் தெரு முழுவதும் காலியாகிவிடுகிறது. ஒரு மாத உழைப்பு மழையில் கரையாமல் தப்புவது அந்தச் சில நிமிஷங்களில்தான்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று நம்முடைய முன்னோர் வகுத்தார்கள். வடமொழியாளர் சரத் ருது என்று கொண்டாடுவதும் ஏறக்குறைய இந்தப் பொழுதையே. மற்ற தேசங்களில் இலையுதிர்வும் அறுவடையும் சேர்ந்து வரும் இந்தப் பருவம் நமக்கு மழையோடு வருகிறது. அந்த மழையோடேயே நவராத்திரி, தீபாவளி, கந்த சஷ்டி, திருக்கார்த்திகை என்று ஜனங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும் விசேஷங்கள் யாவும் நெருங்கி வருகின்றன. தைப் பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டின் பொருட்டு ஆண்டில் ஒரு நாள் உலகம் அவனியாபுரத்தைப் பார்க்கிறது. அவனியாபுரத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதோ அதற்கு முந்திய இந்த மாதங்களில்தான்.

பழைய ஊர், புதிய வாசல்கள்

தனி நகராட்சியாக இருந்த அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. திருப்பரங்குன்றமும் ஆனையூரும் அப்போதே சேர்ந்தன. மாநகராட்சியின் வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. விமான நிலையத்தின் அண்மையும் சுற்றுச்சாலையின் சௌகரியமும் தென் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றை இங்கே மனை வாங்கிக் குடியேறச் செய்திருக்கின்றன. கல்யாணசுந்தரேசுவரர் கோயிலைச் சூழ்ந்த பழைய தெருக்களில் மூன்று தலைமுறையாக மாடு வளர்ப்பவர்களும், புதிய குடியிருப்பில் மூன்று வருஷத்துக்கு முன் வீடு கட்டி வந்தவர்களும் ஒரே தண்ணீர்க் குழாயை நம்பி வாழ்கிறார்கள். எனினும் முன்னவருக்குப் பின்னவர் பெயர் தெரியாது. பின்னவருக்கு முன்னவருடைய மாட்டின் பெயர்கூடத் தெரியாது. இந்த அறியாமையைப் போக்குவதற்குக் கூட்டங்களும் தீர்மானங்களும் உதவா. ஒரு கிண்ணம் சுண்டல் உதவும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

---
பெட்டி: பருவத்தின் நாட்கள்

நவராத்திரி: மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடக்கம். 2025-ல் விஜயதசமி அக்டோபர் 2-ல் வந்தது.
தீபாவளி: 2024-ல் அக்டோபர் 31; 2025-ல் அக்டோபர் 20.
கந்த சஷ்டி: தீபாவளி அமாவாசையை அடுத்த ஆறு நாட்கள். 2025-ல் சூரசம்ஹாரம் அக்டோபர் 27.
ஐப்பசிப் பௌர்ணமி: சிவாலயங்களில் அன்னாபிஷேகம்.
திருக்கார்த்திகை: 2025-ல் டிசம்பர் 3.
வடகிழக்குப் பருவமழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழகத்துக்குச் சராசரியாகச் சுமார் 44 செ.மீ.; ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி.
---

கொலுவில் ஒரு வாடிவாசல்

மீனாட்சியம்மன் கோயிலில் நவராத்திரி தோறும் கொலு மண்டபத்தில் அம்பாள் நாளுக்கொரு அலங்காரத்தில் வீற்றிருக்க, திருவிளையாடற் காட்சிகள் பொம்மைகளாய் நிரந்து நிற்க, மாலையில் அங்கே நகர் முழுவதும் திரள்வதை மதுரையில் பிறந்தவருக்கு விவரிக்க வேண்டுவதில்லை. வீட்டுக் கொலுவோ ஒரு காலத்தில் சில சமூகத்தாருடைய கிருகங்களில் மட்டுமே காணக்கூடியதாயிருந்தது. இன்று அந்த வேலி பெரிதும் தளர்ந்திருக்கிறது, தளர்ந்தது நன்மையே. படி கட்டுவதற்கு இடமில்லாத வீட்டில் நாற்காலியின் மேல் பலகை போட்டு மூன்று படி வைத்தாலும் அது கொலுதான்.

இங்கே அவனியாபுரத்துக் குடும்பங்களுக்கு ஒரு யோசனை சொல்லத் துணிகிறேன். மேல் படிகளில் கலசமும் மரப்பாச்சியும் தெய்வங்களும் சம்பிரதாயப்படி இருக்கட்டும். தரையில் அமைக்கும் பூங்காவில், எந்த ஊரிலும் காணும் காகித ஏரியையும் பொம்மை ரயிலையும் வைக்காமல், குழந்தைகளைக் கொண்டு இந்த ஊரையே அமைக்கலாம். கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்ட மண்ணில் ஒரு கண்மாய். அதன் கரையில் ஐயனாருடைய மண்குதிரை. இரு பக்கமும் மூங்கில் குச்சியால் தடுப்புக் கட்டி, தேங்காய் நார் பரப்பி, விளாச்சேரியில் வாங்கிய மண்காளைகளை அவிழ்த்துவிட்ட ஒரு வாடிவாசல். சற்றுத் தள்ளி, தாழப் பறக்கும் ஒரு விமானம். குழந்தை அதை அமைக்கும் முன் பழைய தெருவுக்குப் போய், வாடிவாசல் எந்தத் திசையைப் பார்த்து நிற்கும், காளை எந்த வழியாக ஓடும், மாட்டைப் பிடிக்கும் எல்லை எது என்று யாரையாவது கேட்டுத்தான் தீர வேண்டும். கேட்கப்பட்டவர் மறுநாள் அதைப் பார்க்க வராமல் இருக்கமாட்டார்.

பொம்மை வாங்குவதிலும் ஒரு தர்மம் இருக்கிறது. பரிதிமாற் கலைஞர் 1870-ல் பிறந்த விளாச்சேரி, வேளார் குடும்பங்களின் கைத்தொழிலால் வாழும் ஊர். ஆவணியில் விநாயகரும் புரட்டாசியில் கொலு பொம்மையும் கார்த்திகையில் அகலும் மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வேண்டிய குழந்தை இயேசுவும் மேய்ப்பர்களும் அங்கே ஒரே கையில் உருவாகின்றன. மண் கிடைப்பதே அவர்களுக்கு நெடுங்காலக் கவலை; கண்மாய் மண்ணை அள்ளுவதற்கு மேலிடங்களில் அனுமதிக்கு அலைந்த நிலை மாறி, வட்டாட்சியர் அளவிலேயே விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி மண் எடுக்க 2024-ல் அரசு வழிசெய்தது. ஆயினும் மண் கிடைத்தால் மட்டும் போதாது. கொலு தொடங்கும் வாரத்தில் நகரத்துக் கடையில் வாங்கும் பொம்மையின் விலையில் கணிசமான பங்கு நடுவில் நிற்பவருக்குப் போகிறது. ஆகையால், இரண்டு தெருவார் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து ஆடியிலேயே விளாச்சேரிக்குப் போய், வேண்டியதைச் சொல்லி, அச்சாரம் கொடுத்து வருவார்களாயின், மழைக்கு முன் சூளை வைக்க அவர்களுக்குக் கையில் பணமும், ஊருக்குத் திரும்பும்போது இவர்களுக்குள் சிநேகமும் ஏற்படும்.

தாம்பூலத்துக்கு ஒரு வார்த்தை. வைகைக் கரையில் விளையும் சோழவந்தான் வெற்றிலை 2023-லும், மதுரை மல்லிகை 2013-லும் புவிசார் குறியீடு பெற்றவை. வெற்றிலை இந்தப் பருவத்தில் இளசாகக் கிடைக்கும். மல்லிகையோ பனியும் மழையும் கூடக் கூட வரத்துக் குறைந்து, கார்த்திகைக்கு மேல் கிலோ ஆயிரங்களைத் தொட்டுவிடும். வந்த சுமங்கலிக்கெல்லாம் மல்லிகை கொடுக்க முடியவில்லையே என்று வருந்தி அழைப்பையே குறைத்துக்கொள்ளும் வீடுகளை நான் அறிவேன். சம்பங்கியும் செவ்வந்தியும் கதம்பமும் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. பூ குறைந்தாலும் ஆள் குறையக்கூடாது.

கும்மியும் கோலாட்டமும்

கொலு வீட்டுக்குள் நடக்கும் உபசாரம் என்றால், முளைப்பாரி தெருவே சேர்ந்து வளர்க்கும் உபசாரம். மதுரையைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களில் புரட்டாசிப் பொங்கலையொட்டி இது பல இடங்களில் நடைபெறுகிறது. அடி தட்டிய பானையில் வைக்கோல் பரப்பி, மக்கிய சாணமிட்டு, ஊறவைத்த பாசிப்பயறும் தட்டாம்பயறும் மொச்சையும் சோளமும் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்தால், வெயில் காணாத முளை வெளிறிய மஞ்சளாய் முழ உயரத்துக்கு எழுகிறது. அந்த நாட்களில் இரவுதோறும் பெண்கள் அதைச் சுற்றிக் கும்மியடித்துப் பாடுவார்கள். மேலூரை அடுத்த வெள்ளலூர் நாட்டில் ஏழைகாத்த அம்மன் விழா இதே புரட்டாசியில்தான் வருகிறது. அறுபதுக்குக் குறையாத கிராமத்தார் ஒன்றுகூடி ஏழு சிறுமியரை அம்மனாகவே தேர்ந்து பதினைந்து நாள் வணங்குகிறார்கள். ஆடவர் உடலெங்கும் வைக்கோற்பிரி சுற்றி வருகிறார்கள். அந்த விழாவைக் காணும் எவருக்கும், விழா என்பது பணத்தால் ஆவதன்று, கட்டுப்பாட்டால் ஆவது என்பது புலப்படும்.

ஐப்பசியில் மீனாட்சியம்மன் கோயிலில் கோலாட்ட உற்சவம் நடக்கிறது. இதை முன்னிட்டு, புதிய குடியிருப்புகளின் சங்கத்தார் மாடியில் ஒரு மணி நேரம் இடம் கொடுத்தால், பழைய தெருவில் கும்மி அறிந்த பெண்மணிகளைக் கொண்டு சிறுமியருக்குப் பின்னல் கோலாட்டம் பழக்கலாம். எட்டுப் பேர், எட்டுக் கயிறு, பதினாறு கோல். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். பின்னல் விழ விழ ஒருவர் பிசகினாலும் எல்லாருடைய கயிறும் சிக்கிக்கொள்ளும் அந்த ஆட்டம், அடுத்த வீட்டுக் குழந்தையின் பெயரைக் கற்றுக்கொள்ளாமல் ஆட முடியாத ஆட்டம்.

கந்த சஷ்டி வந்தால் அவனியாபுரத்தார் திசை திருப்பரங்குன்றத்தை நோக்கியதாகிவிடுகிறது. ஆறுபடை வீடுகளில் முதலாவதான அந்தக் குடைவரைக் கோயிலில் முதல் நாள் காப்புக் கட்டி, ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதமிருந்து கோயிலிலேயே தங்கும் பெண்கள் அநேகர். ஐந்தாம் நாள் மாலை அன்னை கோவர்த்தனாம்பிகையிடம் முருகன் வேல் வாங்குவதும், ஆறாம் நாள் சன்னதித் தெருவில் சூரன் ஆட்டுத்தலையும் சிங்கத்தலையுமாக மாறி மாறி எதிர்ப்பதும், மறுநாள் சட்டத்தேர் கிரிவீதி சுற்றுவதும், அன்று மாலை மூலவருக்குத் தயிர்ச்சாதப் பாவாடை சார்த்துவதும் பார்த்துத் தீராத காட்சிகள். விரதமிருப்பவர் வீட்டில் ஆறு நாள் அடுப்பு யாருடையது? இந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டார் எழுப்பிக்கொண்டு, அந்த வீட்டு வயோதிகருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் நாளுக்கொரு வீடாக அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு அனுப்பும் வழக்கம் சில தெருக்களில் உண்டு. நான் கேள்விப்பட்ட விருந்தோம்பல்களில் இதனினும் சிறந்தது ஒன்றில்லை.

அடைமழையில் வந்த விருந்தாளி

மதுரைத் தெருக்களில் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் போட்ட பச்சை வடை எண்ணெயில் பொங்கி எழ, அதன்மேல் இட்லிப்பொடி தூவித் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். சளிக்கும் இருமலுக்கும் கண்ட மருந்து என்று பாட்டிமார் சொல்வார்கள். அதற்காக அல்லாமல் ருசிக்காகவே தின்னலாம். மழை நாளில் எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்கு ஸ்வீட் பெட்டியைத் திறந்து நீட்டுவதைக் காட்டிலும், இந்த வடை நாலும் ஒரு தம்ளர் பருத்திப்பாலும் கொடுப்பது ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ற உபசாரம். தீபாவளிப் பலகாரமும் அப்படியே. ஈர அரிசியை இடித்துச் சலித்து, வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டை நிற்கும் பதத்தில் மாவைக் கொட்டிக் கிளறி, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுத் தட்டும் அதிரசத்துக்கு நாலு கை வேண்டும். நாலு வீட்டார் ஓர் அடுப்பில் சேர்ந்து சுட்டால், செய்தது பகிர்வதற்காகவே ஆகிவிடுகிறது.

---
பெட்டி: பருத்திப்பால், ஆறு பேருக்கு

ஒரு தம்ளர் பருத்திவிதையை இரவு முழுவதும் ஊறவைத்து, நன்றாக அலசி, அரைத்து, துணியில் மூன்று முறை பால் பிழியவும். கால் தம்ளர் பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து அந்தப் பாலில் கரைத்து, அடிகனமான பாத்திரத்தில் கைவிடாமல் கிளறிக் காய்ச்சவும். பச்சை வாசனை முற்றும் போய்க் கூழ் பதம் வந்தபின், ஒரு தம்ளர் கருப்பட்டியையோ வெல்லத்தையோ கரைத்து வடிகட்டி ஊற்றி, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்கவும். விதையை நாட்டுமருந்துக் கடையிலோ பலசரக்குக் கடையிலோ உண்பதற்கென்று கேட்டு வாங்கவும். விதைப்பதற்கென்று மருந்து கலந்து சாயமேற்றிய விதையை ஒருக்காலும் சமைக்கலாகாது.
---

எச்சில் இலை எங்கே போகிறது

மதுரை நகரத்தின் குப்பை அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல்லுக்கு வருகிறது. நகரத்தார் பலர் இதை அறியாமல் இருக்கலாம். காற்றடிக்கும் திசை மாறும்போது அவனியாபுரத்தார் அறியாமல் இருக்க முடியாது. தீபாவளிக்கு மறுநாள் எரிந்த வெடிக்காகிதமும், அன்னதானத்துக்கு மறுநாள் ஆயிரக்கணக்கான தட்டுகளும் கோப்பைகளும், மழையில் நனைந்து கனத்து, லாரி லாரியாக அங்கே சென்று சேர்கின்றன. மழைநீர் அந்தக் குவியலுக்குள் இறங்கி, கறுத்த கசிவாக வெளிப்பட்டு நிலத்துக்குள் போகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. ஆனால் பந்தியில் பிளாஸ்டிக் பூசிய தட்டைத் தடுப்பதற்கு அதிகாரி வரவேண்டுமென்று காத்திருப்பது, இந்த ஊராரைப் பொறுத்தவரை, தம் கிணற்றில் தாமே குப்பை போட்டுவிட்டுக் காவலரைத் தேடுவதாகும்.

அவனியாபுரத்து விசேஷங்களில் வாழையிலையும் மந்தாரையிலையும் தொன்னையும் எவர்சில்வர் தம்ளரும் மட்டுமே என்று தெருவுக்குத் தெரு முடிவு செய்வது சாத்தியமே. தெருவுக்கு நூறு தட்டும் நூறு தம்ளரும் பொதுவில் வாங்கி ஒரு வீட்டில் வைத்து, கொலுவுக்கும் வளைகாப்புக்கும் துக்கத்துக்கும் அதையே எடுத்துப் புழங்கிக் கழுவி வைப்பது பழைய கிராமங்களின் வழக்கம். ஊர்ப் பாத்திரம் என்றே அதற்குப் பெயர். அந்த வழக்கத்தை இங்கே மீட்டால், நகரம் முழுவதற்கும் வழிகாட்டும் உரிமை, அதன் குப்பையைத் தாங்கும் ஊருக்கே உண்டு.

பட்டாசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-ல் உச்சநீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததையொட்டி, தமிழகத்தில் காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் வெடிக்கலாம் என்ற ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. அந்த மாலை ஒரு மணி நேரத்தை வீட்டுக்கு வீடு தனித்தனியே கழிக்காமல், தெருமுனைத் திடலில் எல்லாரும் கூடிக் கழித்தால், சிறு பிள்ளைகளைப் பெரியவர் கண் கவனிக்கும். கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும் வீடுகளும், மிரளும் மாடு கட்டியிருக்கும் தொழுவங்களும் அமைதியடையும்.

வெள்ளம் வந்த தீபாவளி

2024 அக்டோபர் 25-ஆம் தேதி மாலை மதுரையில் பெய்த பேய்மழையில், வைகையின் வடகரையில் செல்லூரும் நரிமேடும் அவற்றைச் சூழ்ந்த தெருக்களும் தண்ணீருக்குள் போயின. தீபாவளிக்கு அப்போது ஆறே நாள் இருந்தது. வாங்கி வைத்த துணியும் மாவும் நனைந்தன. கீழ்த்தளத்து வீட்டார் இடுப்பளவு நீரில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடி உள்ள வீட்டைத் தேடினார்கள். அந்தச் சமயத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கண்மாய்களும் வாய்க்கால்களும் கட்டடங்களால் நெருக்கப்பட்ட நகரத்தில் ஐப்பசி மழை நீருக்கு வழி தேடும். அவனியாபுரமும் கண்மாய்களின் நடுவே அமைந்த ஊர். வாய்க்காலைத் தூர் வாருவது மாநகராட்சியின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை. ஆனால் தண்ணீர் ஏறும் இரவில் முதலில் வருபவர் பக்கத்து வீட்டார். கொலுவுக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்துபோன வீட்டில், படுக்கையில் இருக்கும் பாட்டி எந்த அறையில் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மின்சார மெயின் எங்கே என்பதும் தெரிந்திருக்கும். கூதிர்காலத்து விருந்தை வெறும் கேளிக்கை என்று கருதி ஒதுக்குபவர்கள் இந்த ஒன்றை யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கார்த்திகைக்குப் பின்

திருக்கார்த்திகையில் அகலுக்கு விலை அதிகமில்லை. வாசலுக்குப் பத்து ஏற்றினாலும் கட்டுப்படியாகும். கோயில் முன் சொக்கப்பனை கொளுத்துவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அதற்குமேல் உத்ஸாகமுள்ளவர்கள் மாவலி செய்யலாம். ஆண்பனையின் பூவை உலர்த்தி, குழியில் புதைத்து மூட்டமிட்டுக் கரியாக்கி, இடித்துப் பொடித்து, துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நுனியில் கனல் வைத்துக் கயிற்றால் சுழற்றினால் பொறிகள் பூவாகச் சொரியும். வெடியின் ஓசையும் இல்லை, மருந்தின் நாற்றமும் இல்லை. சுழற்றுபவர் திறந்த வெளியில், பருத்தி உடையோடு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கவேண்டும். பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கவேண்டும்.

இதற்குள் பழைய தெருவில் வேறு வேலை தொடங்கியிருக்கும். தையில் அவிழ்க்கவேண்டிய காளைகளைக் காலையில் நடத்தியும், கண்மாயில் தண்ணீர் இருந்தால் நீந்தவிட்டும், மண்மேட்டைக் குத்தப் பழக்கியும், பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்தும் வளர்ப்பவர்கள், பார்க்க வருபவரை விரட்டுவதில்லை. முன்பின் பழகாதவர் மாட்டின் முன்னால் போய் நிற்கலாகாது. பக்கத்தில் நின்று, வீட்டாரைக் கேட்டு, தீனியை அவர் கையில் கொடுத்து ஊட்டச் சொல்லவேண்டும். புதிய குடியிருப்பிலிருந்து குழந்தையை அழைத்துக்கொண்டு போவதற்குச் சாயங்காலம் ஐந்து மணி நல்ல பொழுது. மாடு அப்போது நடைபோய்த் திரும்பித் தொழுவத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.